மேஜர் ரிவிஷன் வந்த கட்டுரையைக் கைவிடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி.யும் செய்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் வரை, உம்லதுசானா ஆற்று நீரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்திருந்தேன். அதைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு ‘மேஜர் ரிவிஷன்’, அதாவது பெரிய திருத்தங்கள் செய்து மறுபடி அனுப்பு என்று பதில் வந்தது. கட்டுரையைப் பரிசீலித்த ரிவியூவர்கள் இருவரில் முதலாமவர் ஒரு முழு வருடத் தரவு கேட்கிறார். இரண்டாமவர் புள்ளியியல் சரியில்லை என்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தச் சொல்கிறார். ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டவும் சொல்கிறார், ஐந்தும் ஒரே ஆள் எழுதியவை. இதற்கிடையே வேறொரு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது: 300 டாலர் கட்டினால் ஏழே நாளில் பிரசுரம். துறைத்தலைவரோ டிசம்பருக்குள் ஒரு யூனிட் (பிரசுரங்களுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அரசுப் பணம் வரும் கணக்கு) வேண்டும் என்கிறார், தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். பழைய இதழை விட்டுவிட்டு அந்த ஏழு நாள் இதழுக்கே அனுப்பிவிடலாமா?
– வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்ப வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஆனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோவில் தமிழ் வகுப்பில் எழுத்துக் கற்றவள் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு என் வாழ்த்து.

உங்கள் கையில் இருக்கும் தரவு இனி யாருக்கும் கிடைக்காது. அந்த வெள்ளத்தில் டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் கழிவுநீர் நிலையங்களும் பம்ப் நிலையங்களும் சேதமாகி, கழிவு நேராக ஆறுகளுக்கும் கடலுக்கும் போனது. கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த மாதங்களில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் நீங்கள் மாதிரி எடுத்திருக்கிறீர்கள். 2022 மே மாதத்து நீரை இனி எவரும் அளக்க முடியாது. நாளை மாநகராட்சிப் பொறியாளரோ, ஒரு வழக்கறிஞரோ, கரையோரத்து மக்கள் சங்கமோ எடுத்துக் காட்டத்தக்க ஓர் இடத்தில் அது வர வேண்டும். நம்பிக்கை இழந்த ஓர் இதழில் வந்துவிட்டால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும்: “இதை யாரும் சரிபார்க்கவில்லை.”

இப்போது மேஜர் ரிவிஷனுக்கு வருகிறேன். நான் பல வருடங்கள் ஓர் ஆய்விதழில் துணை ஆசிரியராக இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நல்ல செய்தி. வரும் கட்டுரைகளில் கணிசமானவற்றை ரிவியூவருக்கே அனுப்பாமல் ஆசிரியர் மேசையிலேயே திருப்பிவிடுவோம். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் சம்பளம் வாங்காமல் தங்கள் நேரத்தைச் செலவழித்துப் படித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் கதவைச் சாத்தவில்லை. பிடிக்காத கட்டுரைக்கு ‘ரிஜெக்ட்’ என்று ஒரு பொத்தானை அழுத்துவது அவருக்கு எளிது. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்றால், திருத்தினால் எடுத்துக்கொள்ளும் எண்ணம் அவரிடம் இருக்கிறது.

பல இளைஞர்கள் கவனிக்காத ஒன்று இது: உங்கள் பதில் போய்ச் சேர வேண்டியது ஆசிரியருக்கு. ரிவியூவர் ஆலோசனை சொல்பவர், தீர்ப்பு ஆசிரியருடையது. அதனால் ரிவியூவர் சொன்ன எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். செய்தால் எங்கே, எந்தப் பக்கம் எந்த வரியில் என்று எழுதுங்கள். செய்யாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். அவர் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே நகலெடுத்து அதற்குக் கீழே உங்கள் பதிலை வையுங்கள். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு குறை சொல்லியிருந்தால் இரண்டாகப் பிரித்துப் பதில் சொல்லுங்கள். களைத்துப்போன ஓர் ஆசிரியர், கட்டுரையை மறுபடி முழுசாகப் படிக்காமலே, அந்தப் பதில் கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கும்படி அது இருக்க வேண்டும்.

முதல் ரிவியூவர் ஒரு வருடத் தரவு கேட்கிறார். உங்களிடம் இல்லை, இனி எடுக்கவும் முடியாது. ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று பாருங்கள். டர்பனில் மழை கோடையில், ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை. நீங்கள் அளந்தது பெரும்பாலும் வறண்ட மாதங்கள். நீங்கள் அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்தேன். அதன் சுருக்கத்தில் “வெள்ளத்துக்குப் பிந்தைய நீரின் தரம்” என்று பொதுவாக எழுதிவிட்டு, கடைசி வாக்கியத்தில் ஆறு நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்ற தொனிக்குப் போய்விட்டீர்கள். நாலு மாதத் தரவு அவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது. அவர் சொல்வது சரி.

ஆகவே தரவைக் கூட்ட முடியாவிட்டால் முடிவைச் சுருக்குங்கள். தலைப்பிலேயே மாதங்களைப் போட்டுவிடுங்கள். மே 21, 22 தேதிகளில் மறுபடியும் பெருமழை வந்ததே, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள் உங்களிடம் இருந்தால் அதைத் தனியாக ஒரு படமாகப் போடுங்கள், மழை அளவையும் சேர்த்து. ஒரு வருடத் தரவு காட்டாத ஒன்றை அது காட்டலாம். மாநகராட்சியின் வழக்கமான கண்காணிப்பு அளவுகள் முந்தைய வருடங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வெள்ளத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடலாம். கிடைக்காவிட்டால், கேட்டோம், கிடைக்கவில்லை என்று எழுதிவிடுங்கள். அப்புறம் ரிவியூவருக்கு நேராகச் சொல்லுங்கள்: முழு வருடத் தரவு இருந்தால் நன்றாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம், அந்தக் காலம் கடந்துவிட்டதால் இயலாது, ஆகவே முடிவுரையை இன்ன வரிகளில் சுருக்கியிருக்கிறோம். இதைவிட நேர்மையான பதில் இல்லை. ஆசிரியர்கள் இதை மதிப்பார்கள்.

இரண்டாமவரின் புள்ளியியல் குறை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் பயன்படுத்தியது பாக்டீரியாவை எண்ண உதவும் குவாண்டி-டிரே 2000 என்ற தட்டு. மாதிரியோடு சுத்த நீர் கலக்காமல் ஊற்றினால் அந்தத் தட்டு 100 மில்லிக்கு 2419.6 வரைதான் எண்ணும். அதற்கு மேலே போனால் ‘2419.6க்கு மேல்’ என்று மட்டும்தான் சொல்லும். நீங்கள் அப்படி வந்த இடங்களிலெல்லாம் 2420 என்று போட்டுச் சராசரி எடுத்திருக்கிறீர்கள். உண்மையான அளவு மூவாயிரமா, மூன்று லட்சமா என்று யாருக்கும் தெரியாது. மிக மோசமான இடங்களின் அளவை நீங்களே குறைத்துக் காட்டிவிட்டீர்கள். ரிவியூவர் உங்களுக்கு எதிராகப் பேசவில்லை, அந்த ஆற்றங்கரை மக்களின் பக்கம் நின்று பேசியிருக்கிறார்.

இதற்கு வழி உண்டு. பாக்டீரியா எண்ணிக்கையில் சாதாரணச் சராசரி எப்போதுமே ஏமாற்றும், சில பெரிய எண்கள் மொத்தத்தையும் இழுத்துவிடும். மீடியனை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைக் கொடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை சதவீத மாதிரிகள் மேல் எல்லையைத் தாண்டின என்று கொடுங்கள். குளிப்பது, நீந்துவது போன்ற முழுத் தொடர்புக்கு 1996ஆம் வருடத்துத் தென்னாப்பிரிக்க நீர்த்தர வழிகாட்டி வைத்திருக்கும் இலக்கு 100 மில்லிக்கு 130 வரை. அந்த எல்லையை எத்தனை மாதிரிகள் மீறின என்பதைச் சொல்ல, உச்ச அளவு தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ‘இதற்கு மேல்’ என்று மட்டும் தெரிந்த எண்களைக் கையாளவே தனிப் புள்ளியியல் முறைகள் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆலோசகர் இருந்தால் ஒரு மணி நேரம் கேளுங்கள். அவர் செய்வது ஆலோசனைக்கு மேலே போனால் அவரும் கட்டுரையாசிரியர்களில் ஒருவர், அதையும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ரிவியூவர் சொல்லி ஒரு முடிவே தலைகீழாவது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் பற்றி ஒரு கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவியூ’வுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை ரிவியூவருக்கு அனுப்பினார், குறைகள் வந்தன. ஐன்ஸ்டைனுக்குக் கோபம். பிரசுரிக்கத்தானே அனுப்பினேன், அச்சாவதற்கு முன் யாரிடமும் காட்டச் சொல்லவில்லையே என்று எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் ரிவியூவர் சொன்னதில் உண்மை இருந்தது. மறு வருடம் வேறோர் இதழில் அது வந்தபோது முடிவு மாறியிருந்தது. அந்த ரிவியூவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது 2005இல்தான் வெளியே தெரிந்தது.

அடுத்தது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டச் சொன்னது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. சாட்ஸ்வர்த்தில் பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான் வீட்டுமொழி. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். உங்கள் பெயரைப் பார்த்து அவர் அப்படி எழுதியிருக்கலாம். அதற்காகப் பதில் கடிதத்தில் உங்கள் பிறப்பு வளர்ப்பை விளக்க வேண்டாம். ஆனால் கட்டுரையை ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். முறைகள் பகுதியில் நாலு வரி நீளும் வாக்கியங்கள் இருக்கின்றன, அவற்றை வெட்டுங்கள். பிறகு ஒரே வரியில், கட்டுரை முழுவதையும் தெளிவுக்காகத் திருத்தியிருக்கிறோம் என்று எழுதிவிடுங்கள். காசு கொடுத்து ‘எடிட்டிங் சர்ட்டிஃபிகேட்’ வாங்க வேண்டியதில்லை.

அந்த ஐந்து கட்டுரைகளையும் நிஜமாகவே படித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று பொருத்தமாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை எங்கள் கேள்வியோடு நேரடித் தொடர்பில்லாதவை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஆசிரியருக்கு மட்டும் போகும் கவர் லெட்டரில், ஐந்தும் ஒரே எழுத்தாளருடையவை என்பதைக் குற்றம்சாட்டாமல் குறிப்பிடுங்கள். நல்ல ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதும். ரிவியூவர் தன் மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள இப்படிக் கேட்பது முறையல்ல என்று, இதழ்களுக்கான நெறிமுறை அமைப்பான ‘கோப்’பின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

இனி அந்த ஏழு நாள் இதழ். ஒரு கட்டுரையைப் படிக்கத் தகுதியான இருவரைத் தேடி, அவர்கள் ஒப்புக்கொண்டு, படித்து, எழுதி, நீங்கள் திருத்தி, ஆசிரியர் மறுபடி பார்க்க ஏழு நாள் போதாது. ஆகவே அங்கே யாரும் படிப்பதில்லை. 2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே பெரிய பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நம் நாட்டிலும் யோஹான் மௌட்டனும் ஆஸ்ட்ரிட் வாலன்டைனும் 2017இல் ‘சவுத் ஆஃப்ரிக்கன் ஜர்னல் ஆஃப் சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இத்தகைய சந்தேகத்துக்குரிய 48 இதழ்களில் தென்னாப்பிரிக்கர்களின் கட்டுரைகள் 4,246 வந்திருந்தன. எழுதியவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. உங்களைப் போலவே மேலிருந்து நெருக்கடி, கையில் கட்டுரை, மின்னஞ்சலில் ஓர் அழைப்பு. அவ்வளவுதான்.

ஆய்விதழ்களைத் தொகுத்துப் பட்டியலிடும் தரவுத்தளமான ‘ஸ்கோபஸில் இருக்கிறோம்’ என்று அந்த மின்னஞ்சலில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர்கள் கொடுத்த இணைப்பை அழுத்தாதீர்கள். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை நீங்களாகவே திறந்து, இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுப் பாருங்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், பல இதழ்களை நடுவில் நிறுத்தியிருப்பார்கள். நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் திருடி அச்சாக அதேபோல் இணையதளம் நடத்துபவர்களும் உண்டு. ஆசிரியர் குழுவில் போட்டிருக்கும் ஒருவரின் பல்கலைக்கழக முகவரியைத் தேடி எடுத்து, நீங்கள் இதில் இருக்கிறீர்களா என்று கேட்டு எழுதுங்கள். பல நேரம் தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் இதழிலிருந்து முறைப்படி விலகாமல் இரண்டாவதுக்கு அனுப்பினால், ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் வைத்த குற்றம் உங்கள் மேல் வரும். ரிவிஷன் காலமும் அந்த இதழின் காலம்தான். அப்புறம் ஏழு நாள் இதழில் வந்துவிட்டால், மனம் மாறித் திரும்பப் பெற அவர்களே தனியாகப் பணம் கேட்கக்கூடும். ஒரு முறை வெளியானதை வேறு நல்ல இதழ் தொடாது. உங்கள் பிஎச்.டி. தேர்வாளர் அந்த அத்தியாயத்தைப் பார்த்து என்ன நினைப்பார் என்பதையும் யோசியுங்கள்.

துறைத்தலைவரின் டிசம்பர் பற்றி. யூனிட் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பேசுவது எளிது. அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு யூனிட், அதை எழுதியவர்களின் நிறுவனங்களுக்கிடையே பிரிப்பார்கள். பணம் உயர்கல்வி பயிற்சித் துறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, அதுவும் பிரசுரமாகி ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து. ஒரு பிஎச்.டி. முடிந்தால் அதே கணக்கில் பல்கலைக்கழகத்துக்கு மூன்று. ஆகவே துறைக்கு லாபம் எது என்று பார்த்தாலும், உங்கள் பிஎச்.டி. நல்லபடியாக முடிவதுதான். இதை மெதுவாக, மரியாதையாகச் சொல்லுங்கள். மறுபடி ஒரு திருத்தம் வராமல் இந்தக் கட்டுரை அடுத்த வருடம் நல்ல இதழில் வந்தால் அதுவும் அவர் கணக்கில்தான் ஏறும்.

அவர் பெயரைச் சேர்ப்பது வேறு விஷயம், அதில் நான் உறுதியாகவே இருப்பேன். கட்டுரையாசிரியர் என்று பெயர் வர, ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதவோ ஆழமாகத் திருத்தவோ செய்திருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். கட்டுரை முழுவதுக்கும் பொறுப்பேற்க வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த இந்த நாலு விதிகளை மற்ற துறைகளும் பரவலாகப் பின்பற்றுகின்றன. ஆய்வகத்தைத் திறந்துவிட்டதும், துறைத்தலைவராக இருப்பதும் போதாது. நன்றியுரையில் பெயர் போடலாம். சனிக்கிழமைகளில் வந்து தட்டுகளை எண்ணிக் கொடுத்த டெக்னீஷியனைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவர் பெயர் நன்றியுரையில் கட்டாயம் வர வேண்டும். மாதிரி எடுக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு என்றால், எழுதுவதிலும் அவரைச் சேர்த்துக்கொண்டு கட்டுரையாசிரியராகவே போடலாமா என்று உங்கள் சூப்பர்வைசரோடு பேசுங்கள்.

இந்தக் கட்டத்தில் புதுப் பெயர் சேர்த்தால் இதழே காரணம் கேட்கும், எல்லாக் கட்டுரையாசிரியர்களிடமும் எழுத்தில் சம்மதம் கேட்கும். துறைத்தலைவரும் உங்கள் பல்கலைக்கழகம்தான் என்பதால் யூனிட்டும் கூடப்போவதில்லை. அவரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம், சூப்பர்வைசர் பேசட்டும். “திருத்தத்தின்போது பெயர் சேர்த்தால் இதழ் கேள்வி கேட்கும், யார் என்ன செய்தார் என்று பட்டியல் கொடுக்க வேண்டும்” என்று இதழின் விதியைக் காட்டினால், உங்களுக்கும் அவருக்கும் இடையே மனக்கசப்பு வராமல் முடிந்துவிடும். அப்படியும் அழுத்தினால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகம் இருக்கிறது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல ஓப்பன் ஆக்சஸ் இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன, கட்டணம் கேட்டாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கா நடுத்தர வருமான நாடுகளின் மேல் வரிசையில் இருப்பதால், ஏழை நாடுகளுக்குத் தானாகக் கிடைக்கும் கட்டண விலக்கு நமக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் சான்லிக் என்ற நூலகக் கூட்டமைப்பு சில பெரிய பதிப்பகங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இதழோடு தொடர்பு வைத்திருக்கும் கட்டுரையாசிரியர் (கரஸ்பாண்டிங் ஆத்தர்) அதில் சேர்ந்த பல்கலைக்கழகத்தவராக இருந்தால், அந்த இதழ்கள் பலவற்றில் தனிக் கட்டணம் இல்லாமலே எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாம். உங்கள் நூலகரிடம் பட்டியல் இருக்கும். சொந்தப் பணத்தில் 300 டாலர் கட்ட நினைப்பதற்கு முன் அவரைப் பாருங்கள்.

ஒருவேளை திருத்திய பிறகும் நிராகரித்தால்? அடுத்த இதழுக்கு அனுப்புங்கள், ஆனால் இப்போது வந்த குறைகளையெல்லாம் சரிசெய்துவிட்டு. நம் நாட்டில் ஆற்று நீர்த் தரம் படிப்பவர்கள் ஒரு சிறிய வட்டம். அடுத்த இதழும் அதே ரிவியூவருக்கே அனுப்பக்கூடும். தான் சொன்ன எதையும் மாற்றாமல் வந்த கட்டுரையை அவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

கடைசியாக, கெடு. திருத்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மீடியன் கணக்கு, மழைப் படம், மாநகராட்சித் தரவு எல்லாவற்றுக்கும் அது போதாது. கெடு முடிந்த பிறகு கேட்டால் கட்டுரையைப் புதிதாக வந்ததாக எடுத்துக்கொள்வார்கள், பழைய ரிவியூவர்கள் கிடைக்காமலும் போகலாம். ஆகவே இந்த வாரமே ஆசிரியருக்கு மூன்று வரி எழுதுங்கள்: திருத்த வேலை நடக்கிறது, பகுப்பாய்வை மறுபடி செய்கிறோம், இன்னும் ஆறு வாரம் வேண்டும். கட்டுரை எண்ணைத் தலைப்பில் போட மறக்காதீர்கள். பதில் கடிதத்தின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பினால், படித்துச் சொல்கிறேன்.